இண்டைக்குச் சரி

"ஊசி போட்டாச்சு" என்று
மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.
அட்டையில் மூன்று திகதி,
மூன்றாவதன் மேல் தேத்தண்ணீர்க் கறை.
நாலாம் கட்டம் வெறுமையாய்க் கிடந்தது,
ஒருநாள் அவசரத்துக்குப் பால்காரனின் கணக்கை
அதில் எழுதிவிட்டேன்.

ஆச்சு என்பது கதவைச் சாத்துகிற சொல்.
கலியாணம் ஆச்சு, கடன் கட்டியாச்சு,
காணி துப்புரவாச்சு.
என் வேலையில் அந்தச் சொல்லை
அவ்வளவு லேசில் பாவிப்பதில்லை.

கண்ணிவெடி எடுக்கிறவள் நான்,
இது பதினோராவது வருஷம்.
ஒரு துண்டு நிலத்தை ஒப்படைக்கும்போது
கையெழுத்துக்கு மேலே எழுதுவோம்:
இத்தனை சென்ரிமீற்றர் ஆழம் வரைக்கும்.
அதற்குக் கீழே
ஒருவருக்கும் சத்தியம் செய்து கொடுப்பதில்லை.

ஆகவே டொக்டர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது.
வாங்கில் இருந்த மற்றவர்கள் முகம் சுழித்தார்கள்.
"காய்ச்சலை முழுக்க மறிக்காது.
மூச்சு முட்டிக் கட்டில் தேடுறதைத்தான் கூட மறிக்கும்.
புது ஊசி எண்டாலும்
முதல் ரெண்டு மூண்டு மாசம் நல்ல காவல்,
பிறகு மெல்ல இறங்கும்,
ஆறாம் மாசம் பாத்தால் பாதியும் மிஞ்சாது.
சாவுக்குக் கிட்டப் போற வருத்தத்துக்கு மட்டும்
இன்னும் கொஞ்ச நாள் நிக்கும்."

"அப்ப ஏன் போடுவான்?" என்றார்
உழவு மெசின் வைத்திருக்கிற குகதாசன்.

என் முகக்கவசம் விரலைக் காப்பாற்றாது, குகதாசன்.
அதற்காக அதைக் கழற்றி வைத்துவிட்டா
மண்ணைக் கிண்டுகிறேன்?
கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

ஸ்காபரோவிலிருந்து தங்கை கெங்காதேவி
ஒவ்வொரு ஐப்பசியும் கூப்பிடுவாள்.
"கை தூக்க ஏலாது அக்கா,
நேற்று இந்த வருஷத்து ஊசி."
இந்த வருஷத்து.
மாம்பழத்தைச் சொல்வதுபோலச் சொல்வாள்.
கிருமி ஆள் மாறிவிட்டதாம்,
ஊசியையும் மாற்றிச் செய்தார்களாம்.

அது எனக்குப் புதிதில்லை.
விடிய வேலை தொடங்க முதல்
டிடெக்டரை அந்தந்த மண்ணுக்குப் பழக்குவோம்.
ஒட்டுசுட்டான் செம்மண்ணுக்குப் பழகின காது
பொக்கணை மணலில் சும்மாவுக்குக் கத்தும்.
அல்லது, அதுதான் பயம்,
பேசாமல் இருக்கும்.
என் உடம்பு இன்னும்
இரண்டாயிரத்து இருபத்திரண்டின் மண்ணுக்குப்
பழகினபடி கிடக்கிறது.

கிளினிக்கில் மிஸ் குளிர்ப்பெட்டியைத் திறந்தே காட்டினா.
ஏற்புவலி ஊசி, பிள்ளைகளின் ஊசி,
மூலையில் ஆரோ வைத்த சோடாப் போத்தல்.
"அது வாறேல்லை அன்ரி. வந்தால் சொல்றன்."
என் நம்பரைக் கலண்டரில் எழுதினா,
கிழிக்கப்போகிற மாதத்தில்.

கேட்டது எனக்காக இல்லை.
நிமலகாந்தனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போச்சு.
செவ்வாயும் வெள்ளியும் மாஞ்சோலை ஆஸ்பத்திரி,
நாலு மணித்தியாலம்
அவரின் இரத்தம் வெளியே போய் வரும்.

தை மாதம் எனக்கு இருமல் தொடங்கியபோது
வேலைக்குக் கொண்டுபோகிற சிவப்புத் தடியைக்
குசினி வாசலில் குறுக்கே போட்டேன்.
இதுக்கு இங்கால வராதீங்கோ.
சோற்றுக் கோப்பையைத் தடிக்குக் கிட்ட வைத்துவிட்டுப்
பின்னுக்கு நடப்பேன்,
அவர் வந்து எடுப்பார்.
"மண்டையோட்டுப் பலகை ஒண்டும் நடன்" என்று
ஒருநாள் சிரித்தார்.
பதின்மூன்று நாள் அப்படி.
அவருக்கு வரவில்லை.
பழைய ஊசியில் மிஞ்சினதா, தடியா,
காற்று மற்றப் பக்கம் அடித்ததா,
சொல்லத் தெரியாது.

இன்று காலை, மழை விட்ட மண்.
சோதனைக்குப் புதைத்த ஆணியின் மேல்
டிடெக்டரைக் கொண்டுபோனேன்.
கத்தியது.
பதிவுப் புத்தகத்தில் நேரம், பெயர்,
கடைசிக் கட்டத்தில் வழக்கம்போல:
இண்டைக்குச் சரி.